பிளாக்ஜாக்: ‘டபுள் பண்ணி எடுத்துடலாம்’ கணக்கு எங்கே உதைக்கிறது?

லாஸ் வேகாஸில் ஒரு பிளாக்ஜாக் மேஜை. குறைந்தபட்சப் பந்தயம் 10 டாலர், அதிகபட்சம் 500 என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆட்டத்தில் 10 டாலர் போச்சு. ‘அடுத்து 20 வச்சா எடுத்துடலாம்’ என்று மனசு சொல்லும். தோற்கும்போதெல்லாம் பந்தயத்தை இரட்டிப்பாக்கும் இதற்குப் பெயர் மார்ட்டிங்கேல் முறை.

10, 20, 40, 80, 160, 320. வரிசையாக ஆறு தோல்வி வந்தால் 630 டாலர் காலி. ஏழாவதாக 640 வைக்கணும். மேஜையின் உச்சவரம்போ 500தான். இத்தனை ரிஸ்க் எடுத்து ஜெயித்தாலும் மிஞ்சுவது வெறும் 10 டாலர்!

அப்போ எவ்வளவு வைக்கலாம்?

நல்ல விதிகள் உள்ள மேஜையில் சரியான உத்தியோடு ஆடினால், கேசினோவின் சாதகம் சுமார் அரை சதவீதம். 10 டாலர் வீதம் 70 ஆட்டம் ஆடினால் சராசரி நஷ்டம் மூன்றரை டாலர். ஆனால், அது சராசரிதான். அதே 70 ஆட்டத்தில் 100 டாலர் ஏறுவதும் இறங்குவதும் சகஜம். எனவே, போனாலும் பரவாயில்லை என்று ஒதுக்கிய பணத்தை 50 பங்காக்கி, ஆட்டத்துக்கு ஒரு பங்கு வைப்பது பாதுகாப்பு. கையில் 500 இருந்தால், பந்தயம் 10.

மேஜையையும் பாருங்க

பிளாக்ஜாக் விழுந்தால், 3:2 மேஜையில் 10 டாலருக்கு 15 கிடைக்கும். 6:5 மேஜையில் 12தான்.

பந்தய அளவை எப்படி மாற்றினாலும் கேசினோவின் சாதகம் மாறாது. பர்ஸ் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதுதான் மாறும். ஒதுக்கிய பணம் தீர்ந்தால், ஏடிஎம் பக்கம் போகாமல் எழுந்துவிடுங்கள்.