மன்னர்க்குச் சொன்ன கதையும் மக்கட்குச் சொன்ன கதையும்

பாஞ்சாலி சபதத்தைப் பற்றி வினா எழுந்தால், "பாஞ்சாலி பாரதத் தாய், துரியோதனன் ஆங்கில ஆட்சி" என்று ஒரு தொடரில் விடையிறுத்துவிட்டு அடுத்த வினாவிற்குச் செல்லும் மாணாக்கர் பலர். அது பிழையன்று, ஆயின் விடையும் அன்று. கணக்கில் வழியைக் காட்டாது விடையை மட்டும் எழுதிய சிறுவனுக்கு ஆசிரியர் மதிப்பெண் குறைக்கிறார். இலக்கியத்தில் மட்டும் அதே செயலுக்கு முழு மதிப்பெண் வழங்குவது எங்ஙனம் பொருந்தும்? நூலின் எந்நிகழ்ச்சி அவ்வுட்பொருளைத் தருகிறது, அது யாரை நோக்கிச் சொல்லப்பட்டது, கேட்டவரை எதற்கு இணங்கச் செய்ய முயல்கிறது என்பவற்றை ஒரு பத்திக்குள் நிறுவிக் காட்டும் பயிற்சி வகுப்பறையில் குறைவாகவே உள்ளது.

ஒன்றைச் சொல்லி மற்றொன்றை உணர்த்துவதைத் தமிழ் அணி நூலார் பிறிதுமொழிதல் என்றும் ஒட்டு என்றும் வழங்கினர். மயிற்பீலியே ஆயினும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்னும் குறள் (475) இதற்கு யாவரும் அறிந்த சான்று. அக்குறளில் அரசன் இல்லை, படை இல்லை, பகைவரும் இல்லை. அஃது இடம்பெற்றிருப்பதோ வலியறிதல் என்னும் அதிகாரம். "பகைவர் பலர் சேர்ந்தால் உன் வலிமை போதாது" என்று மன்னனிடம் நேரே கூறுபவன் தன் தலையை இழக்கலாம். அதற்குத் தப்பினால் மன்னனின் செவியை இழப்பான். வண்டியைப் பற்றிக் கூறினால், கேட்டவன் தானே தன் நிலையை எண்ணிப் பார்ப்பான். ஆகவே உட்பொருட் கதையும் இணங்கவைக்கும் உரையும் இருவேறு பாடங்கள் அல்ல. முன்னதே பின்னதன் மிக நுட்பமான வடிவம்.

ஜொகூர் மாநிலத் தமிழாசிரியர்க்கு இதற்கான பயிற்சிக் களம் வீட்டு வாயிலிலேயே உள்ளது. செஜாரா மலாயு என வழங்கும் சுலாலாத்துஸ் சலாத்தின், ஜொகூர் ஆற்றங்கரையிலுள்ள பாசிர் ராஜாவில், ராஜா அப்துல்லாவின் விருப்பப்படி 1612-இல் உருப்பெற்ற நூல். அரசின் முதலமைச்சராகிய பெண்டஹாரா துன் ஸ்ரீ லானாங் அதன் ஆசிரியர் என்பது மரபு. மலாக்கா போர்த்துக்கீசியர் வசமானது 1511-இல். ஜொகூர் லாமா அவர்களால் அழிவுற்றது 1587-இல். எனவே, நாடிழந்த அரச மரபினர்க்கு அவர்தம் அமைச்சரே எழுதிய குல வரலாறு இது. இதனைப் படிக்குங்கால் இவ்வாண்டுகளை மறத்தலாகாது.

அந்நூலில் வரும் தோடாக் மீன் கதையை மலேசியப் பிள்ளைகள் பெரும்பாலும் கேட்டிருப்பர். கூரிய மூக்குடைய அம்மீன்கள் கூட்டங்கூட்டமாகச் சிங்கப்பூராவின் கரைமேற் பாய்ந்து மக்களைக் கொல்கின்றன. மன்னன் தன் குடிகளை வரிசையாக நிறுத்தி, அவர்தம் கால்களையே அரணாக்க ஆணையிடுகிறான். மாண்டவர் எண்ணற்றோர். அப்போது ஒரு சிறுவன், வாழைத் தண்டுகளை நட்டால் ஆகாதோ என்கிறான். அவ்வாறே செய்ய, மீன்கள் தண்டிலே மூக்குச் செருகிச் சிக்கி அழிகின்றன. பின்னர்ப் பெரியோர் சிலர், இவ்வளவு அறிவுடைய சிறுவன் வளர்ந்தால் தீங்கு விளையும் என்று மன்னனிடம் ஓத, சிறுவன் கொல்லப்படுகிறான். பிற்காலத்தார் அவனை ஹாங் நாடிம் என்பர்.

இக்கதையைப் பற்றி எழுதச் சொன்னால் "சிறுவன் அறிவாளி, மன்னன் கொடியவன்" என்று தொடங்கிக் கதையையே திரும்பச் சொல்வது மாணாக்கர் வழக்கம். கதையைச் சுருக்குதல் வேறு. அதன் பொருளை நிறுவுதல் வேறு. நிறுவுதற்கு ஒரு சிறு நுட்பத்தைப் பிடித்தல் வேண்டும். மன்னன் அமைத்ததும் அரண். சிறுவன் அமைக்கச் சொன்னதும் அரண். இடமும் ஒன்று, நோக்கமும் ஒன்று, பொருள் மட்டுமே வேறு. வாழைத் தண்டு நிற்க வேண்டிய இடத்தில் மன்னன் மனிதரின் கால்களை நிறுத்தினான். குடிமக்களுக்கு அவன் இட்ட விலை இதுவே என நூலாசிரியர் வாய்திறந்து கூறவில்லை. தண்டையும் காலையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு விலகிக்கொள்கிறார்.

பெரியோரின் பேச்சும் ஆராயத்தக்கது. அவர்கள் பொய் கூறவில்லை. சிறுவன் அறிவுடையவன் என்பது உண்மை. அவ்வுண்மையையே கொலைக்குக் காரணமாகத் திருப்பியதுதான் அப்பேச்சின் திறம். நடந்த நன்மையை மறக்கச் செய்து, நடவாத தீமைக்கு அஞ்ச வைக்கிறார்கள். இதனைக் கண்டுகொள்ளும் பிள்ளை, நாளை மேடையிலும் செய்தித்தாளிலும் இதே முறை வரும்போதும் கண்டுகொள்ளும்.

இனி, பத்தி அமைப்பு. கருத்து, சான்று, விளக்கம் என்னும் வரிசை ஆங்கிலப் பாடத்திலிருந்து வந்த இரவற் பொருள் என்று எண்ணுவோர் உளர். மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையைப் புரட்டினால் அவ்வெண்ணம் அகலும். ஆங்கே அறவண அடிகள் பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என ஐந்து உறுப்புகளைக் கூறுகிறார். மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம். புகை இருத்தலால் என்பது ஏது. அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். பின்னிரண்டும் திட்டாந்தத்துள் அடங்கும் என்று அவரே சுருக்கித் தருகிறார். வகுப்பிற்கு அம்மூன்றே போதும். அரசியல் உட்பொருளுக்கு மட்டும், யார் யாருக்கு எக்காலத்தில் கூறியது என்னும் ஒரு தொடரை இறுதியில் சேர்த்தல் வேண்டும். மேற்கண்ட கதைக்கு அவ்வாறு அமைந்த பத்தி ஒன்று வருமாறு:

"குடிகளின் உயிரை மதியாத அரசு தன்னைக் காக்கும் அறிவையும் இழக்கும் என்பதே தோடாக் கதையின் உட்பொருள். மன்னன் மனிதக் கால்களை நிறுத்திய இடத்திலேயே சிறுவன் வாழைத் தண்டை நிறுத்துகிறான். இவ்விரண்டின் ஒப்புமை, மன்னன் கண்ணில் குடிகள் தண்டினும் உயர்ந்தவரல்லர் எனக் காட்டுகிறது. சிறுவனைக் கொன்ற பழி மன்னன் ஒருவனோடு நில்லாமல் நாட்டின்மேல் விழுந்தது என்று நூல் கூறுவதும் இதற்கு அரண் செய்கிறது. மலாக்காவை இழந்த மரபினர்க்கு 1612-இல் ஓர் அமைச்சர் இதனைக் கூறியதால், இது பழங்கதையாக மட்டுமன்றி எச்சரிக்கையாகவும் ஒலித்திருக்கும்."

ஐந்தே தொடர்கள். ஒவ்வொன்றும் முன்னதன் தோளைப் பற்றி நிற்கிறது. இரண்டாம் தொடரை நீக்கினால் முதற்றொடர் வெறும் கூற்றாகிவிடும். இவ்வாறு ஒவ்வொரு தொடராக மறைத்துப் பார்த்து, எது விழுகிறது எனக் கண்டறியச் செய்தல் நல்ல பயிற்சி.

தோடாக் மீன் அந்நியக் கப்பற்படையையே குறிக்கும் என்று கொள்வாரும் உளர். கேட்க இனிமையாகவே உள்ளது. ஆயினும் நூலினுள் அதற்கு ஏது எங்கே? மூக்குக்கும் கப்பலின் முனைக்கும் உள்ள வடிவொப்புமை ஒன்றே போதாது. ஆவியோ பனியோ என்று ஐயுற வேண்டிய ஒன்றைப் புகை எனத் துணிந்து நெருப்பை நாட்டுவது ஏதுப்போலி என்பதும் மணிமேகலை கூறும் செய்தியே.

அந்நூலுக்குள்ளேயே வலிய ஏது ஒன்று உண்டு. மலாய் அரச மரபின் முதல்வனாகிய சாங் சபுர்பாவும் குடிகளின் தலைவன் டெமாங் லேபார் டாவுனும் செய்துகொண்ட உடன்படிக்கை அது. மன்னன் கொடியவனாயினும் குடிகள் துரோகம் செய்தலாகாது, குடிகள் குற்றம் செய்யினும் மன்னர் அவரை இழிவுபடுத்தலாகாது, முறைப்படி தண்டிக்கலாம். மன்னன் இழிவுபடுத்தினால் அஃது அவன் அரசு அழிவதற்கு அறிகுறி. பின்னர்ச் சிங்கப்பூராவில், சாங் ராஜுனா தாப்பா என்னும் அதிகாரியின் மகள்மேல் பொய்ப்பழி எழ, மன்னன் அவளைச் சந்தையில் பலர் காணக் கழுவேற்றுகிறான். தந்தை நெஞ்சு பொறாமல் மஜாபாகித் படைக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிடுகிறான். நகர் வீழ்கிறது. உடன்படிக்கையையும் கதவையும் இணைத்துக் காட்டும் மாணாக்கனுக்கு வெளிச் சான்று எதுவும் தேவையில்லை. இதில் நூலாசிரியர் துரோகியையும் விட்டுவிடவில்லை. அவனும் அவன் மனைவியும் கல்லாகிப் போனதாகக் கூறுகிறார். அமைச்சரன்றோ!

பலர் காண ஒரு பெண்ணை இழிவுபடுத்தியதால் அரசு அழிந்த கதை தமிழர்க்குப் புதிதன்று. இங்கிருந்து பாஞ்சாலியிடம் செல்வது எளிது. ஆயினும் கேட்போர் மாறிவிட்டனர். துன் ஸ்ரீ லானாங் மன்னரை நோக்கிப் பேசினார். பாரதியார், 1908-இல் ஆங்கில ஆட்சியினின்று தப்பிப் பிரெஞ்சுப் புதுச்சேரி சேர்ந்தவர், சிறிதளவே எழுத்தறிந்த பொதுமக்களுக்கும் விளங்குமாறு எளிய சொற்களில் எழுதுவதாக முன்னுரையில் கூறினார்.

1912-இல் வெளிவந்தது முதற்பாகம் மட்டுமே. அதில் அழைப்பு, சூதாட்டம் என்னும் இரு சருக்கங்களே உண்டு. தருமன் நாட்டைப் பணயம் வைத்து இழப்பதோடு அது முடிகிறது. துகிலுரிதலும் சபதமும் அடங்கிய இரண்டாம் பாகம் அச்சேறியது, கவிஞர் 1921-இல் மறைந்த பின், 1924-இல். ஆகவே 1912-இல் நூலை வாங்கியவர், சபையில் நின்ற பாஞ்சாலியை அதில் காணவில்லை. அவர் கண்டது, நாட்டைத் தன் உடைமை எனக் கருதிச் சூதில் வைத்த அரசனையே. அவ்விடத்தில் கவிஞர் கதையை நிறுத்திவிட்டுத் தாமே பேசுகிறார். கோயிற் பூசகன் சிலையை விற்பதற்கும் காவலன் வீட்டை வைத்து இழப்பதற்கும் தருமன் செயலை ஒப்பிட்டு, உலகத்து அரசர் மக்களை ஆட்டு மந்தையாய் எண்ணினர் என்கிறார். இழித்துரைக்கப்படுபவன் துரியோதனன் அல்லன், தருமன்! ஒரு தொடர் விடையில் இதற்கு இடமே இல்லை.

இரண்டாம் பாகத்திலும் அவ்வாறே. பாஞ்சாலி தெருவில் இழுத்துச் செல்லப்படும்போது புலம்பிக்கொண்டு நின்ற ஊராரைக் கவிஞர் கடிந்துரைக்கும் கடுமை எளிதன்று. வளர்ந்து நின்றும் பயன்படாத மரங்கள் அவர்கள். சபையில் அவள் தொடுக்கும் வாதம் பழுதற்றது. தன்னைத் தோற்றவன் பிறளைப் பணயம் வைக்கும் உரிமை உடையனோ என்பது அவள் கேள்வி. வீட்டுமனோ செயல் தகாதது என்று உணர்ந்தும் சாத்திரம் அதனைத் தடுக்கவில்லை என்கிறான். சட்டமும் நீதியும் பிரிந்து நிற்கும் காட்சியை அக்காலத்துத் தமிழர் 1908-லேயே கண்டிருந்தனர், வ. உ. சிதம்பரனாருக்கு விதிக்கப்பட்ட இரட்டை ஆயுள் தண்டனை அவர்கள் நினைவில் இருந்தது. ஆதலின் அக்காவியம் இணங்கவைக்க முயல்வது ஆங்கிலேயரை அன்று; பார்த்துக்கொண்டு நின்றவரை.

வகுப்பில் இதனை எழுத்தில் தொடங்குவதினும் பேச்சில் தொடங்குதல் நன்று. ஒரு பாதிப் பிள்ளைகள் பெரியோராகவும் மறுபாதி சிறுவனுக்காகப் பேசுவோராகவும் மன்னன் முன் வாதிடட்டும். எந்தச் சொல்லுக்கு மன்னன் அசைந்தான் என்று மன்னனாக அமர்ந்த பிள்ளை கூறட்டும். அச்சொல்லைக் கரும்பலகையில் எழுதி, அதையே சான்றாக வைத்து ஒரு பத்தி எழுதச் சொல்லலாம். மேல்வகுப்புகளுக்கு விகர்ணன் சபையில் எழுந்து பேசும் பகுதி ஏற்றது. துரியோதனன் தம்பியாகவே இருந்து அண்ணன் அவையில் மறுத்துரைத்தவன் அவன்; அவன் சொல் ஏன் பலிக்கவில்லை என்பதற்கு மட்டுமே மூன்று பத்திகள் தேறும்.