வேப்பமரக் கப்பலை விலைக்கு வாங்கிய அமெரிக்கர்: மரப் பாய்மரப் படகு வாங்குவதா, கட்டுவதா?

வாலாஜாபாத் பக்கம் ஏரிக்கரையில் நிற்கும் வேப்பமரத்தைப் பார்க்கும் யாருக்கும் கப்பல் நினைவுக்கு வராது. நிழல், வேப்பங்குச்சி, அம்மனுக்குக் கட்டும் கொத்து. அதற்கு மேல் போனால் கதவு நிலை, ஜன்னல் சட்டம். ஆனால் இதே வேம்பை அறுத்துக் கட்டிய ஒரு பாய்க்கப்பல் 1938-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டி அமெரிக்காவில் போய் நின்றது. கட்டியவர்கள் தமிழர்கள், ஓட்டிப் போனவர்களும் தமிழர்கள். வாங்கியவர் மட்டும் அமெரிக்கர்.

பழைய பாணியில் மரத்தாலான பாய்மரப் படகு ஒன்றைச் சொந்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை உலகம் முழுக்கப் பலருக்கு உண்டு. பைபர் படகு மலிவு, பராமரிப்பு குறைவு. அப்படியிருந்தும் மரம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆசைக்கு எவ்வளவு ஆகும், எதைப் பார்த்து வாங்க வேண்டும், இல்லை புதிதாகக் கட்டிவிடலாமா? இதற்கெல்லாம் பதில் தேட அந்த வேப்பமரக் கப்பலைவிட நல்ல உதாரணம் நம் பக்கம் கிடைப்பது கஷ்டம்.

அது என்ன கப்பல்?

பெயர் அன்னபூரணி அம்மாள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் இருக்கும் வல்வெட்டித்துறையில் 1930-ல் கட்டப்பட்டது. நீளம் 89 அடி, அகலம் 19 அடி. நம்ம ஊர் டவுன் பஸ் இரண்டை முன்னும் பின்னுமாக நிறுத்தினாலும் அந்த நீளம் வராது. இயந்திரத்தை நம்பிக் கட்டியது இல்லை, காற்றை நம்பிக் கட்டியது.

வல்வெட்டித்துறைக்கு, உள்ளூர்க்காரர்கள் வாயில் வல்வைக்கு, அன்று கப்பல்தான் தொழில். அங்கிருந்து தமிழகக் கரைக்கும் பர்மாவுக்கும் சரக்குப் போகும், அரிசியும் மரமும் வரும். கப்பல் கட்டும் தச்சரை ஓடாவி என்பார்கள். கப்பலை நடத்துபவர் தண்டையல். இந்த இரண்டு சொல்லும் தமிழகத்தின் கிழக்குக் கரையிலும் புழங்கியவைதான். சரக்குக்காகக் கட்டிய கப்பல்களில் ஒன்றுதான் அன்னபூரணி. சொகுசுப் படகாக யாரும் அதை நினைத்ததில்லை.

வாங்கியவர் யார்?

வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன். பாய்மர உலகில் அப்போதே பெரிய பெயர். 1928-ல் கிளம்பி 1931-ல் திரும்பி, ‘ஸ்வாப்’ என்ற 32 அடிப் படகில் உலகத்தையே சுற்றி வந்தவர். அவ்வளவு சின்னப் படகில் அதற்கு முன் யாரும் சுற்றியதில்லை என்று பேசப்பட்டது. பிறகு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் இப்ஸ்விச்சில் சொந்தமாகக் கப்பல் கட்டும் தளமே நடத்தினார். மரம் தெரிந்தவர், பலகை தெரிந்தவர். அப்படிப்பட்டவர் வல்வைக் கப்பலை விலை கொடுத்து வாங்கினார் என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

மனைவியின் பெயரில் கப்பலுக்கு ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று மறுபெயர் வைத்தார். அப்புறம் அதை இலங்கையிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோக வேண்டுமே? டொனால்ட் மெக்கூயிஷ் என்ற கேப்டனுடன் தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும், கைவிரல் விட்டு எண்ணிவிடக்கூடிய வல்வை மாலுமிகளும் போனார்கள். சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர், பெர்முடா என்று அந்தப் பயணம் போய், 1938 ஆகஸ்டில் குளோஸ்டர் துறைமுகத்தில் முடிந்தது. குளோஸ்டர் பாய்க்கப்பல் மீனவர்களின் ஊர். அங்கே இருப்பவர்களுக்குக் கப்பல் புதுசு இல்லை. அவர்களே கூட்டமாக வந்து பார்த்தார்கள், பத்திரிகைகள் எழுதின.

ராபின்சன் பணம் கொடுத்தது கப்பலுக்கு. ஆனால் அந்தக் கப்பல் எந்தக் காற்றுக்கு எப்படிச் சாயும், எங்கே நீர் கசியும், எந்தக் கயிறு எப்போது அறுந்து போகும் என்பதெல்லாம் அந்த மாலுமிகளின் கையில்தான் இருந்தது. அவர்கள் இல்லாமல் அது குளோஸ்டருக்குப் போயிருக்குமா என்பது சந்தேகம். மரப்படகு வாங்குபவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்: இதைத் தெரிந்த ஆள் கூட வருகிறாரா?

ஏன் வேம்பு?

படகுக்கு ஒரே மரம் எல்லா இடத்துக்கும் சரிப்படாது. அடியில் முதுகெலும்பு போல நீளமாக ஓடும் மரத்தை ஏரா என்பார்கள். அதற்கு நீளமான, கெட்டியான மரம் வேண்டும். அதன்மேல் விலா எலும்பு மாதிரி நிற்பவை வங்குகள். வெளியே போர்த்துவது பலகை.

வங்குக்கு நேரான மரம் ஆகாது. நேர்மரத்தை வளைவாக அறுத்தால் இழை வெட்டுப்பட்டு, அழுத்தம் வந்தால் அந்த இடத்திலேயே பிளந்துவிடும். இயற்கையாகவே வளைந்து வளர்ந்த கிளை வேண்டும். நம்ம ஊர் வேம்பும் கருவேலமும் கோணல்மாணலாக வளர்கிறதே என்று குறைப்பட்டுக்கொள்வோம். ஓடாவிக்கு அந்தக் கோணல்தான் சொத்து. மரத்தைச் சுற்றி வந்து பார்த்து, இந்தக் கிளை அணியத்துக்கு, அந்தக் கவட்டை பின்பக்கத்துக்கு என்று நிற்கும் மரத்திலேயே கப்பலைப் பார்த்துவிடுவார். வரைபடம் கிடையாது. வேம்பின் கசப்பு பூச்சிக்குப் பிடிக்காது என்பது கூடுதல் லாபம்.

பலகைக்குத் தேக்கு ராஜா. எண்ணெய்ப் பிசுக்கு உள்ள மரம், தண்ணீரில் லேசில் கெடாது. மும்பையில் வாடியா குடும்பத்தார் மலபார் தேக்கில் கட்டி 1817-ல் கடலில் இறக்கிய ‘டிரிங்கோமலி’ போர்க்கப்பல் இன்றைக்கும் இங்கிலாந்தின் ஹார்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. பிரிட்டனில் இன்னும் மிதக்கும் போர்க்கப்பல்களில் அதுதான் மூத்தது. இருநூறு வருஷம் தாண்டியாச்சு.

பழைய படகு வாங்கினால் எதைப் பார்க்கணும்?

பலரும் நினைப்பது போல மரப்படகுக்கு முதல் எதிரி உப்புத் தண்ணீர் இல்லை, மழைத் தண்ணீர். மரத்தை மக்கவைக்கும் பூஞ்சை நன்னீரில்தான் வளரும், உப்பில் அதற்குப் பிழைப்பு இல்லை. அதனால் படகின் அடிப்பகுதி நன்றாக இருந்து, மேல்தளம் உளுத்துப் போயிருப்பது சகஜம். மேல்தளப் பலகை வழியாக மழை இறங்கி, உள்ளே காற்றோட்டம் இல்லாத மூலையில் தேங்கி நிற்கும் இடம், பாய்மரம் ஏராவில் ஊன்றும் இடம், பின்பக்கத்து இடுக்கு. அனுபவசாலிகள் நேரே அங்கேதான் போவார்கள். கையில் ஒரு சின்னச் சுத்தியல், ஒரு கத்தி. தட்டினால் ‘டங்’ என்று வந்தால் சரி, ‘பொத்’ என்று வந்தால் உஷார். கத்திமுனை வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால் பேரம் பேசுவதில் அர்த்தமில்லை, கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

உப்புத் தண்ணீரிலும் ஒரு எமன் உண்டு, கப்பல் புழு. பெயர்தான் புழு, உண்மையில் சிப்பி வகையைச் சேர்ந்தது. நூலளவு ஓட்டை போட்டு உள்ளே போய், வெளியே எதுவும் தெரியாமல் பலகையைத் தேன்கூடு போல ஆக்கிவிடும். அந்தக் காலத்தில் பணம் இருந்தவர்கள் செப்புத் தகடு அடித்தார்கள். இல்லாதவர்கள் சுண்ணாம்பையும் எண்ணெயையும் குழைத்துப் பூசி, அவ்வப்போது கரையேற்றிச் சுரண்டி மறுபடி பூசினார்கள்.

மூன்றாவது, ஆணி. இரும்பு ஆணி துருப்பிடித்தால் தான் மட்டும் கெடாது, சுற்றியுள்ள மரத்தையும் கருக்கிக் கெடுக்கும். பலகையில் ஆணி இருக்கும் இடத்தைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரிந்தால் வேலை பெரிசு என்று அர்த்தம்.

இன்னொன்று. கரையில் மாதக்கணக்கில் கிடந்த படகைத் தண்ணீரில் இறக்கினால் முதல் நாள் கண்டிப்பாக ஒழுகும். பதற வேண்டாம். வெயிலில் சுருங்கிய பலகை ஊறி உப்பினால் இடுக்கு தானாக அடைபடும். நாள் கணக்காகியும் நிற்கவில்லை என்றால்தான் கலப்பத்து வேலை. பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறுக்கி, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவது. பார்க்கச் சுலபம். ரொம்ப இறுக்கினால் பலகையே விலகும், தளர்வாக விட்டால் ஒழுகும். அந்த அளவு கைக்குத்தான் தெரியும்.

விலையைப் பொறுத்தவரை, பழைய மரப்படகு வெளிநாட்டுச் சந்தையில் ஆச்சரியப்படும்படி மலிவாகவே கிடைக்கும். சும்மா கொடுத்தாலும் வாங்காதே என்று கிண்டல்கூட உண்டு. வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்கை வருஷாவருஷம் பராமரிப்புக்கு எடுத்து வை என்பது படகுக்காரர்கள் சொல்லும் கணக்கு. அது பைபருக்குப் பொருந்தும். மரத்துக்கு அந்தக் கணக்கை நம்பி இறங்கினால் இரண்டாவது வருஷமே கையைக் கடிக்கும்.

அப்போ புதுசா கட்டிடலாமா?

கட்டலாம். பொறுமை வேண்டும். பச்சை மரத்தில் கட்டினால் காயும்போது சுருங்கி வெடிக்கும். ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் நிழலில் உலரவைக்க வேண்டும் என்பது தச்சர்களின் பழைய கணக்கு. இரண்டு அங்குலப் பலகை என்றால் ஆர்டர் கொடுத்த பிறகு இரண்டு வருஷம் வெறும் மரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான், ஏற்கெனவே உலர்ந்த மரம் கிடைத்தால் தவிர.

யார் கட்டித் தருவார்கள்? கேரளத்தின் பேப்பூரில் ‘உரு’ கட்டும் தச்சர்கள் இன்னமும் வளைகுடா நாட்டு ஆட்களுக்காக மரக்கப்பல் கட்டுகிறார்கள். சரக்கு ஏற்ற அல்ல, பெரும்பாலும் உல்லாசப் படகாக. தூத்துக்குடித் தோணிகள் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கோடு போய்வந்தவை. அவற்றில் இப்போது என்ஜின் இருக்கிறது. சென்னைத் துறைமுகத்தில் 1911-ல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது, ஆனால் அங்கே பழக வருகிறவர்களுக்குக் கிடைப்பது பைபர் படகு. பதிவு, சர்வே, கடலில் ஓட்ட அனுமதி என்று காகித வேலை தனி. அதை ஒரு ஏஜென்ட் பார்த்துக்கொள்வார். மரத்தைத் தெரிந்த கைதான் கிடைப்பது கஷ்டம்.

இது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு மத்திய அரசே ஒரு சாட்சி. அஜந்தா குகை ஓவியத்தில் வரும் ஐந்தாம் நூற்றாண்டுக் கப்பலை அப்படியே கட்டிப் பார்க்கலாம் என்று 2023-ல் இறங்கினார்கள். ஆணி இல்லாமல், பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைக்கும் முறை. கையில் இருந்தது ஓவியம் ஒன்றுதான், அளவு எதுவும் இல்லை. கடற்படை வடிவமைப்பைக் கவனித்தது. கப்பலின் மாதிரியை வைத்து நீரில் சோதனை செய்து கொடுத்தது சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறை. ஆனால் தைத்தது யார்? பாபு சங்கரன் தலைமையில் கேரளத்துத் தச்சர்கள். கோவாவில் கட்டிய அந்தக் கப்பல் 2025 மே 21-ம் தேதி கார்வாரில் ‘கவுண்டின்யா’ என்ற பெயரில் கடற்படையில் சேர்ந்தது. அந்த வருஷக் கடைசியில் போர்பந்தரிலிருந்து மஸ்கட் நோக்கிப் பாய் விரித்தது. ஒரு நாட்டின் கடற்படையே தேடிப் போக வேண்டியிருந்தது அந்தத் தச்சர்களைத்தான்.

வல்வையில் இப்போ கட்டுகிறார்களா?

அன்னபூரணி மாதிரிக் கப்பல்கள் இல்லை. நீராவிக் கப்பலும் பிறகு என்ஜினும் வந்து பாய்க்கப்பலின் சரக்கைப் பறித்தன. இரண்டாம் உலகப்போர் பர்மா வியாபாரத்தை முடக்கியது. இந்தியாவும் இலங்கையும் சுதந்திரம் அடைந்த பிறகு, அதுவரை வாய்க்கால் போலத் தாண்டிப் போன பாக் நீரிணையில் சுங்கமும் எல்லையும் வந்தன. பிறகு உள்நாட்டுப் போர். சரக்கு இல்லையென்றால் கப்பலுக்கு வேலை இல்லை, கப்பல் இல்லையென்றால் ஓடாவியின் மகன் வாச்சியை எடுக்க மாட்டான். ஒரு தலைமுறை போதும் கை மறந்து போக.

ராபின்சன் அதற்கப்புறம் வாங்கவில்லை, கட்டினார். தன் தளத்திலேயே, ஸ்டார்லிங் பர்ஜஸ் என்ற புகழ்பெற்ற வடிவமைப்பாளரின் உதவியோடு, 70 அடி நீளத்தில் ‘வருவா’ என்ற மரப் பாய்க்கப்பல். 1942-ல் கடலில் இறங்கியது. போர் முடிந்ததும் அதிலேயே தாஹித்தித் தீவுக்குப் போய் அங்கேயே குடியேறிவிட்டார்.