துடைக்கும் முன் குழலைப் பாருங்கள்

பயிர்க் காவலுக்கு உரிமத்தோடு நாட்டுத்துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதைத் துடைக்க உட்காரும்போது முதலில் பார்க்க வேண்டியது, உள்ளே மருந்து இருக்கிறதா என்பதை. வாய்வழியே மருந்து இடிக்கும் துப்பாக்கியைத் திறந்து பார்க்க முடியாது. போன மாதம் இடித்த மருந்து இன்றைக்கும் வெடிக்கும்.

மருந்தைப் பற்றவைக்கும் கேப்பை எடுத்துவிட்டு, இடிகம்பியைக் குழலின் அடிவரை விடுங்கள். வாயோரம் கம்பியை விரலால் பிடித்தபடி வெளியே எடுத்து, குழலின் மேல் வைத்து அளந்து பாருங்கள். கேப் மாட்டும் இடம்வரை எட்டினால் காலி. குறைந்தால் மருந்து இருக்கிறது என்றே கொள்ளுங்கள். குத்திக் கிளறாதீர்கள், உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரைக் கூப்பிடுங்கள். அளக்கும்போதும் முகம் குழல்வாய்க்கு நேரே வரக் கூடாது.

கரிமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. சுட்டபின் குழலில் படியும் அழுக்கிலும் உப்பு நிறைய உண்டு. அது காற்றின் ஈரத்தை இழுத்து, மழைக்காலத்தில் ஒரே ராத்திரியில் துருவைக் கிளப்பிவிடும். சுட்ட கையோடு எண்ணெய் தடவி மூலையில் சாத்தி வைக்கிற வழக்கம் பலரிடம் இருக்கிறது. உப்பு எண்ணெயில் கரையாது. எண்ணெய்க்கு அடியில் இரும்பை அரித்துக்கொண்டே இருக்கும். சோப்பு கலந்த வெந்நீரில் துணியை நனைத்து, கறுப்பு வருவது நிற்கும்வரை துடையுங்கள். நன்றாகக் காய்ந்தபின் மெல்லிசாக எண்ணெய் போதும். கேப் மாட்டும் துளையை மெல்லிய கம்பியால் சுத்தம் செய்யுங்கள். அது அடைத்திருந்தால் கேப் வெடித்தும் குழல் தாமதமாகச் சுடக்கூடும். அப்படி நேர்ந்தால் ஒரு நிமிடமாவது வாயை ஆளில்லாத பக்கம் நீட்டியே வைத்திருங்கள். உள்ளே அரித்துக் குழிவிழுந்த குழலில் இனி மருந்து இடிக்கவே வேண்டாம். தோட்டாவின் புகையில்லா மருந்தை இதில் போட்டால் நல்ல குழலும் வெடித்துச் சிதறும்.

உங்கள் துப்பாக்கியை நீங்களே துடைக்கலாம். பழுதுபார்க்க ஊர்க் கொல்லரிடம் கொடுத்தால், உரிமம் இல்லாத அவரும் வழக்கில் சிக்குவார். 2019 திருத்தத்துக்குப் பின் உரிமம் ஐந்து ஆண்டு செல்லும். உரிமமில்லாமல் வைத்திருந்தால் இரண்டு முதல் ஐந்து ஆண்டு சிறை. பயிர்க் காவலுக்கு வாய்வழித் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம் என்று 1959 ஆயுதச் சட்டமே சொல்கிறது. உரிமம் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 18-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு உண்டு. ஆனால் இந்த உரிமம் வேட்டைக்கு அனுமதியாகாது. அதற்கு 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும்.

உரிமம் வைத்திருந்த அப்பா காலமானால், துப்பாக்கியைத் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். வாரிசு உரிமம் பெற்றபின் திரும்ப வாங்கலாம். தேர்தல் நேரத்திலும் ஒப்படைக்கச் சொல்வார்கள். அதற்கு முன் கழுவி, காயவைத்து, எண்ணெய் பூசுங்கள். ரசீதில் துப்பாக்கியின் எண்ணையும் நிலையையும் எழுதி வாங்குங்கள்.