சுருதி விலகினால் சில்லையா குறை சொல்வது?

உள்ளீட்டில் கொடுக்கப்படும் மின்னழுத்தத்துக்கு ஏற்ப ஒலியின் சுருதியை ஏற்றியும் இறக்கியும் தரும் மின்சுற்றுக்கு மின்னழுத்தக் கட்டுப்பாட்டு அலையியற்றி என்று பெயர். சின்தசைசர் எனப்படும் மின்னணு இசைக்கருவியின் அனலாக் வகையில் ஒலி பிறப்பது இந்தச் சுற்றில்தான். மின்னழுத்தம் 1 வோல்ட் கூடினால் அதிர்வெண் இருமடங்காகி ஒலி ஒரு ஸ்தாயி உயரவேண்டும் என்பது இத்தகைய கருவிகளில் பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. ஒரு ஸ்தாயியில் 12 அரைச்சுரங்கள் உள்ளதால் ஓர் அரைச்சுரத்துக்கு ஏறத்தாழ 83 மில்லி வோல்ட் ஆகிறது. அரைச்சுரத்தை நூறாகப் பகுத்த ‘சென்ட்’ என்னும் அளவுக்கு ஒரு மில்லி வோல்ட்கூடத் தேறுவதில்லை. இவ்வளவு நுண்ணிய அளவை நம்பி நிற்கும் சுற்று, வீட்டு மேசையில் சால்டர் வைத்துக் கட்டப்படும்போது சுருதி விலகுவதில் வியப்பில்லை. அந்த விலகலுக்குக் காரணம் பெரும்பாலும் சுற்றின் மையமான ஐசி சில்லுக்கு வெளியே இருக்க, பழி மட்டும் சில்லின்மேல் விழுகிறது.

இந்தியாவுக்கு இந்தத் தொழில்நுட்பம் புதிதன்று. இசைக்கலைஞர் கீதா சாராபாயின் அழைப்பின் பேரில் அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடர் 1969-இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சின்தசைசரைக் கொண்ட ஒலிக்கூடம் ஒன்றை அமைத்துக் கொடுத்தார். அங்கே கீதா சாராபாயும் ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோரும் 1972 வரை உருவாக்கிய ஒலிப்பதிவுகள் நெடுங்காலம் நாடாக்களிலேயே உறங்கிக் கிடந்து, 2023-இல்தான் தொகுப்பாக வெளிவந்தன. அந்தக் கால மூக் கருவிகளில் பயன்பட்ட 901 வகை அலையியற்றிகள், அறை சூடேறினால் சுருதி நழுவுவதற்குப் பெயர் பெற்றவை.

நழுவலின் வேர் இயற்பியலில் இருக்கிறது. மின்னழுத்தம் கூட்டல் கணக்கில் ஏற, அதிர்வெண் பெருக்கல் கணக்கில் ஏறவேண்டும். இந்த மாற்றத்தைச் செய்ய டிரான்சிஸ்டரின் இயல்பான குணம் ஒன்று துணைக்கு வருகிறது. அதன் பேஸ் முனைக்கும் எமிட்டர் முனைக்கும் இடையே ஏறத்தாழ 18 மில்லி வோல்ட் கூடினால் அதில் ஓடும் மின்னோட்டம் இருமடங்காகிறது. ஆனால் இந்த 18 மில்லி வோல்ட் வெப்பநிலையைச் சார்ந்தது, டிகிரிக்கு 0.33 விழுக்காடு மாறுவது. இதற்கு ஈடுசெய்யாத சுற்றில் அறை வெப்பம் 5 டிகிரி ஏறினால், தொடக்கச் சுரத்திலிருந்து ஐந்து ஸ்தாயி உயரத்தில் ஒலி ஏறக்குறைய ஓர் அரைச்சுரம் தாழ்ந்துவிடும்.

அமெரிக்கப் பொறியாளர் டக் கர்டிஸின் நிறுவனம் உருவாக்கிய சிஇஎம் 3340 என்னும் 16 கால் சில்லு, இந்த ஈடுசெய்யும் வேலையைத் தனக்குள்ளேயே செய்துகொண்டதால் புகழ் பெற்றது. சுருதி நிலைக்காமல் தொல்லை கொடுத்த புராஃபெட்-5 என்னும் சின்தசைசர், 1980-இல் இந்தச் சில்லுக்கு மாறிய பிறகே நம்பகமான மேடைக்கருவியாயிற்று. நீண்ட காலம் உற்பத்தியில் இல்லாதிருந்த 3340 மீண்டும் 2016-இல் வெளிவந்தது. லாட்வியாவின் ஆல்ஃபா நிறுவனம் செய்யும் ஏஎஸ் 3340 போன்ற ஒத்த சில்லுகளும் கிடைப்பதால், சின்தசைசரைத் தாமே கட்டுவோர் இன்று பெரிதும் நாடுவது இந்த வகையைத்தான்.

காரைக்கால் நகருக்கு வடக்கே, கடலை ஒட்டிய மீனவர் ஊரான மண்டபத்தூரில் இத்தகைய சுற்று ஒன்று கட்டப்படுவதாகக் கொண்டால், அங்கே வெப்பத்தோடு உப்புக்காற்றையும் கணக்கில் கொள்ளவேண்டும். இப்படிக் கொள்வது வெறும் கற்பனையும் அன்று: அருகிலுள்ள திருவேட்டக்குடியில்தான் 2010-இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி தேசிய தொழில்நுட்பக் கழகம் மின்னணுப் பொறியியல் துறையோடு இயங்கிவருகிறது. நாகஸ்வரத்தோடு இழையும் ஒத்து என்னும் சுருதிக்குழலின் ஒரே சுரத்தைக் கேட்டு வளர்ந்த காவிரிக் கழிமுகத்தின் செவிக்குச் சில சென்ட் விலகலும் உறுத்தும் என்பதையும் இங்கே நினைவில் வைப்பது தகும்.

இப்படிக் கட்டிய 3340 சுற்றில் சுருதி விலகினால், சோதனையை மின்வழங்கலிலிருந்து தொடங்கவேண்டும். மல்டிமீட்டரின் கறுப்பு முனையைத் தரைத்தடத்தில் வைத்து, சில்லின் 16-ஆம் காலில் நேர் மின்னழுத்தமான 12 அல்லது 15 வோல்ட் சரியாக வருகிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். அடுத்தது எதிர் மின்னழுத்தம் சேரும் 3-ஆம் கால். இந்தக் காலுக்குப் பின்னே, சில்லுக்குள், மின்னழுத்தத்தை ஓர் எல்லையில் பிடித்து நிறுத்தும் செனர் டையோடு இருப்பதால், வழங்கல் எதிர் 12 வோல்ட்டாக இருந்தாலும் காலில் எதிர் 6 முதல் 7 வோல்ட்டே காணவேண்டும். மிச்சத்தை வழியிலுள்ள சில நூறு ஓம் மின்தடை ஏற்றுக்கொள்கிறது. அந்த மின்தடையை வைக்க மறந்து நேரே இணைத்தால் சில்லு போய்விடும். காலில் முழு 12 வோல்ட்டும் தெரிந்தால் மின்னோட்டமே ஓடவில்லை என்று பொருள். சில்லின் கால், அதைச் செருகும் ஐசி பேஸுக்குள் நுழையாமல் மடங்கிக் கிடக்கிறதா என்று பார்க்கவேண்டும். பூச்சியத்தை ஒட்டிய அளவு வந்து மின்தடையும் சுட்டால், சில்லு தலைகீழாகச் செருகப்பட்டிருக்கலாம்.

மின்வழங்கல் சரியாக இருந்தும் சதுர அலை மட்டும் வராமல், அதனாலேயே சில்லு பழுதென்று ஒதுக்கப்படுவது உண்டு. சதுர அலை வெளிவரும் 4-ஆம் காலிலிருந்து தரைக்கோ எதிர் வழங்கலுக்கோ ஒரு மின்தடை போட்டால்தான் அலை உருப்பெறும். மேலும், அலையின் அகலத்தைத் தீர்மானிக்கும் 5-ஆம் கால் பூச்சிய வோல்ட்டில் இருந்தால் அகலமும் பூச்சியமாகி ஒலி அறவே மறைந்துவிடும். 8-ஆம் காலில் ரம்ப அலையும் 10-ஆம் காலில் முக்கோண அலையும் ஒழுங்காக வருகின்றன என்றால் சில்லின் இதயம் துடிக்கிறது என்று நம்பலாம். 15 வோல்ட் வழங்கலில் முன்னது 10 வோல்ட், பின்னது 5 வோல்ட் உயரம் இருக்கும். 11-ஆம் காலிலுள்ள மின்தேக்கியை, சுற்று ஓடும்போதே, அளவுக்கருவியால் தொட்டுப் பார்க்கக் கூடாது. தொட்ட மாத்திரத்தில் சுருதி மாறி, இல்லாத பழுது ஒன்று தோன்றும். அந்த இடத்துக்கு மலிவான செராமிக் மின்தேக்கி உதவாது. வெப்பத்துக்கு அசையாத பாலிஸ்டைரீன் அல்லது மைக்கா வகையே ஏற்றது.

கடலோரத்தில் எல்லாவற்றையும்விடக் கவனிக்கத்தக்கது 15-ஆம் கால். விசைப்பலகையிலிருந்து வரும் மின்னழுத்தங்கள் எல்லாம் 1 லட்சம் ஓம் மின்தடைகள் வழியே மின்னோட்டமாகி ஒன்றுசேரும் கூட்டுமுனை அது; சுற்று நலமாக இருந்தால் அங்கே அளவு பூச்சிய வோல்ட்டை ஒட்டியே நிற்கும். இந்த முனையில் ஒரு சென்ட் சுருதிக்குரிய மின்னோட்டம் 8 நானோ ஆம்பியர் அளவே, அதாவது ஓர் ஆம்பியரை நூறு கோடியாகப் பகுத்தால் அதில் எட்டுப் பங்கு. இதற்கு அடுத்த காலோ 12 வோல்ட் நிற்கும் 16-ஆம் கால். இடைவெளி இரண்டரை மில்லி மீட்டர். சால்டரிங் செய்தபோது பலகையில் படிந்த ஃபிளக்ஸ் பிசின், மழைக்கால ஈரத்தையும் உப்பையும் உறிஞ்சி, இரு கால்களுக்கும் இடையே 10 கோடி ஓம் அளவுக்கு ஒரு கசிவுப் பாதையை உண்டாக்கினால் போதும், 120 நானோ ஆம்பியர் உள்ளே கசிந்து சுருதி 14 சென்ட் ஏறிவிடும். பக்கத்தில் 440 ஹெர்ட்ஸில் சரியாக ஒலிக்கும் மற்றோர் அலையியற்றி இருந்தால், இரண்டும் சேரும்போது நொடிக்கு மூன்றுக்கும் மேற்பட்ட துடிப்புகள் கேட்கும். காலையில் ஏறி, வெயில் வந்து பலகை உலர்ந்ததும் தானே இறங்கிவிடும் சுருதிக்கு இந்தக் கசிவைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த தூரிகையால் பலகையின் அடிப்பக்கத்தைத் தேய்த்துக் கழுவி, நன்கு உலரவிட்டு, காப்புப் பூச்சு ஒன்று பூசிவிட்டால் பெரும்பாலும் தொல்லை ஒழிகிறது.

இவையெல்லாம் முடிந்த பிறகே பிரீசெட் என்னும் மாறு மின்தடையைத் திருகிச் சுருதி சேர்க்கவேண்டும். மின்சாரம் கொடுத்து இருபது நிமிடமாவது சூடேறவிட்டு, 1 வோல்ட்டில் 110 ஹெர்ட்ஸ் வைத்தால் 2 வோல்ட்டில் 220-ம் 3 வோல்ட்டில் 440-ம் வருகின்றனவா என்று பார்க்கவேண்டும். நடுவில் சரியாக இருந்து உச்ச ஸ்தாயிகளில் மட்டும் தாழ்ந்தால் அதற்கென உள்ள 7-ஆம் காலின் திருத்தத்தை நாடவேண்டும்.

எளிய அலையியற்றிகளுக்குப் பயன்படும் 555, 4046 போன்ற சில்லுகள் சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் எளிதில் கிடைப்பவை. 3340-ஐப் பெரும்பாலும் வெளியூரிலிருந்தே வரவழைக்கவேண்டும். ஆகவே கட்டுவோர் அதை நேரே சால்டர் செய்யாமல் ஐசி பேஸில் செருகிவைப்பதும், 3, 15, 16-ஆம் கால்களின் அளவுகளைத் தாளில் குறித்துக்கொள்ளாமல் கழற்றாதிருப்பதும் நல்லது.