பழைய டிடிஎச் பேக்கை மாத்தப் போறீங்களா? 'ஓகே' அழுத்தும் முன் இதைப் படிச்சிடுங்க!

'பேக்கை மாற்றினால் மாதம் 40 ரூபாய் மிச்சம்' என்ற ரீதியில் டிடிஎச் ஆப்பைத் திறந்தாலே ஒரு அறிவிப்பு கண்ணில் படும். ஊரில் இருக்கும் அப்பா, அம்மா வீட்டு இணைப்புக்கு வெளியூரிலிருந்து ரீசார்ஜ் செய்யும் பிள்ளைகள் பலர், ஆபீஸ் வேலைக்கு நடுவே யோசிக்காமல் அதை அழுத்திவிடுவதும் நடக்கிறது. மறுநாள் காலை போன் வரும்: "என்னப்பா, காலைல பூஜை பார்க்கிற சேனல் வரவே இல்லையே?"

சரி, பழைய பேக்கையே திரும்பப் போட்டுவிடலாம் என்று தேடினால் அது பட்டியலிலேயே இருக்காது. கஸ்டமர் கேரில் கேட்டால், "அந்த பேக் இப்ப யாருக்கும் கொடுக்கறது இல்ல சார், ஏற்கெனவே வச்சிருந்தவங்களுக்கு மட்டும்தான் ஓடிட்டிருந்துச்சு" என்று பதில் வரும். நேற்றுவரை நம்மிடம் இருந்தது, இன்று காசு கொடுத்தாலும் கிடைக்காது! இது ஏன் நடக்கிறது, சேனலை இழக்காமல் பேக்கை மாற்ற வழி உண்டா? பார்க்கலாம்.

அது என்ன 'தாத்தா' பேக்?

புதிதாக யாருக்கும் விற்காத, ஆனால் பழைய வாடிக்கையாளர்களுக்கு மட்டும் தொடர்கிற திட்டங்களை ஆங்கிலத்தில் 'கிராண்ட்ஃபாதர்டு' திட்டங்கள் என்பார்கள். இந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு கசப்பான வரலாறு உண்டு. 19-ம் நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் வாக்களிப்பதைத் தடுக்க எழுத்தறிவுத் தேர்வு போன்ற நிபந்தனைகள் வந்தன. 'உன் தாத்தா வாக்களித்திருந்தால் உனக்கு இந்த நிபந்தனை கிடையாது' என்று வெள்ளையர்களுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். இத்தகைய விதி செல்லாது என்று 1915-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டம் போனாலும் சொல் தங்கிவிட்டது. புது விதி வந்த பிறகும் பழைய விதிப்படியே அனுபவிக்கும் எந்தச் சலுகைக்கும் இன்று அதுதான் பெயர்.

மொபைலில் பழைய போஸ்ட்பெய்டு பிளானை விடாமல் வைத்திருக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான் டிவியிலும்.

உங்கள் பில்லுக்குள் என்ன இருக்கிறது?

மாதக் கட்டணத்தை ஒரே தொகையாகத்தான் பார்க்கிறோம். உண்மையில் அது மூன்று துண்டு.

முதலாவது, நெட்வொர்க் கட்டணம். என்.சி.எஃப் என்பார்கள். சேனல்களை உங்கள் வீடு வரை கொண்டுவந்து சேர்ப்பதற்கான கூலி இது. இலவச சேனல்கள் இதற்குள்ளேயே அடங்கிவிடும். ஒரு எச்டி சேனல், இரண்டு சாதாரண எஸ்டி சேனலாகக் கணக்கிடப்படும்.

இரண்டாவது, கட்டண சேனல்களின் விலை. ஒவ்வொரு கட்டண சேனலுக்கும் அதை நடத்தும் நிறுவனம் ஒரு அதிகபட்ச விலையை அறிவிக்க வேண்டும். அதைத் தனியாகவும் வாங்கலாம், பல சேனல்கள் சேர்ந்த தொகுப்பாகவும் வாங்கலாம். தொகுப்பிலும் இரண்டு வகை உண்டு: சேனல் நிறுவனமே தருவது ஒன்று, டிடிஎச் நிறுவனம் பல சேனல் நிறுவனங்களின் சரக்கைக் கலந்து தருவது இன்னொன்று.

மூன்றாவது, இவை எல்லாவற்றின் மீதும் 18 சதவீத ஜிஎஸ்டி.

நீங்கள் பேக்கை மாற்றும்போது, இவற்றில் எது மாறுகிறது என்று தெரியாமல் மொத்தத் தொகையை மட்டும் பார்ப்பதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

பழைய பேக்குகள் ஏன் காணாமல் போகின்றன?

காரணம், விதிகள் அடிக்கடி மாறியதுதான். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2017 மார்ச்சில் புதிய கட்டண முறையை அறிவித்தது. 'பார்க்கிற சேனலுக்கு மட்டும் காசு' என்பதுதான் அதன் அடிப்படை. ஸ்டார் இந்தியாவும் விஜய் டிவியும் சென்னை உயர் நீதிமன்றத்தில் இதை எதிர்த்தன. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2018 அக்டோபரில் டிராய்க்குச் சாதகமாக முடிந்தது. 2019 பிப்ரவரி 1 முதல் புதிய முறை நடைமுறைக்கு வந்தது. அப்போது 100 சேனல்கள் வரை நெட்வொர்க் கட்டணம் அதிகபட்சம் 130 ரூபாய்; ஜிஎஸ்டியுடன் 153.40 ரூபாய்.

லட்சக்கணக்கான வீடுகளில் யாரும் சேனல்களைத் தேர்வு செய்யவில்லை. அதனால், அந்த வீட்டில் பேசும் மொழி, பார்க்கும் பழக்கம் ஆகியவற்றை வைத்து டிடிஎச், கேபிள் நிறுவனங்களே 'பெஸ்ட் ஃபிட் பிளான்' ஒன்றைப் போட்டுவிடலாம் என்றது டிராய். தேர்வு செய்ய 2019 மார்ச் 31 வரை அவகாசமும் கொடுத்தது. இன்று பல வீடுகளில் 'ரொம்ப நாளா இருக்கிற பேக்' என்று சொல்வது, யாரோ ஒருவர் நமக்காகப் போட்டுவிட்ட அந்த பேக்தான்.

அதன் பிறகும் விதிகள் நிற்கவில்லை. 2020-ல், 200 சேனல்கள் வரை 130 ரூபாய், அதற்கு மேல் போனால் அதிகபட்சம் 160 ரூபாய் என்று நெட்வொர்க் கட்டணம் மாறியது. 2022 நவம்பரில் வந்த திருத்தம், 2023 பிப்ரவரியில் அமலானது. அதன்படி, 19 ரூபாய்க்கு மேல் விலை வைக்கும் சேனலைத் தொகுப்பில் சேர்க்கக் கூடாது. தொகுப்புக்குத் தரும் தள்ளுபடியும் 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 2024 ஜூலையில், நெட்வொர்க் கட்டணத்துக்கான உச்சவரம்பையே டிராய் நீக்கிவிட்டது. எவ்வளவு வசூலிப்பது என்பதை இப்போது நிறுவனங்களே முடிவு செய்கின்றன.

இதன் விளைவு என்ன? தனித்தனியாக வாங்கினால் 100 ரூபாய் ஆகும் சேனல்களை, சேனல் நிறுவனம் ஒரு காலத்தில் 40 ரூபாய்க்குத் தொகுப்பாகக் கொடுத்திருக்கலாம். 2023-க்குப் பிறகு அதே தொகுப்பை 55 ரூபாய்க்குக் கீழே கொடுக்க முடியாது. ஒரு சேனல் தன் விலையை 19 ரூபாய்க்கு மேல் ஏற்றினால், அது தொகுப்பிலிருந்தே வெளியேற வேண்டும். ஒவ்வொரு முறை விதி மாறும்போதும் பேக்குகள் பிரிக்கப்பட்டு, சேர்க்கப்பட்டு, புதுப் பெயரில் வருகின்றன. சில நேரம் பெயர் அப்படியே இருக்கும். உள்ளே இருக்கும் சேனல்கள் மாறியிருக்கும்.

பழைய பேக்கை வைத்துக்கொள்ள நமக்கு உரிமை இருக்கா?

நீண்ட காலத்துக்கு முன்பணம் கட்டியிருந்தால், ஓரளவு இருக்கிறது. 2019-ல் ஆறு மாதம், ஒரு வருடம் என்று மொத்தமாகப் பணம் கட்டியிருந்தவர்களுக்கு, அந்தக் காலம் முடியும்வரை சேவையைத் தொடர வேண்டும் என்று டிராய் தெளிவுபடுத்தியது. இடையில் வாடிக்கையாளரே விரும்பிப் புதிய முறைக்கு மாறலாம் என்றும் சொன்னது.

ஆனால், மாதாமாதம் ரீசார்ஜ் செய்யும் பேக்கை ஆயுள் முழுக்க அதே விலையில் தர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அது நிறுவனம் தொடர்ந்து கொடுக்கிறவரை கிடைக்கும் சலுகை, அவ்வளவுதான். நீங்களாக 'மாற்று' என்று சொன்ன நிமிடமே அது முடிந்துவிடும்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒரு பலமான உரிமையும் இருக்கிறது. தன்னிடம் உள்ள எந்த சேனலையும் தனியாகக் கேட்டால், டிடிஎச் நிறுவனம் கொடுத்தே ஆக வேண்டும். "தொகுப்பா எடுத்தாதான் வரும்" என்று யாராவது சொன்னால், அது தவறு. ஆக, பழைய பேக் போனாலும் சேனல் போகாது. பழைய விலைதான் போகும்.

மாற்றுவது வேறு, சேர்ப்பது வேறு

இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் பாதிப் பிரச்னை தீர்ந்தது. கிரிக்கெட்டுக்காக ஒரு ஸ்போர்ட்ஸ் சேனல் மட்டும் வேண்டும் என்றால், அடிப்படை பேக்கைத் தொடாமல் அந்த ஒன்றை மட்டும் மேலே சேர்த்துக்கொள்ளலாம். சீசன் முடிந்ததும் அதை மட்டும் நீக்கிவிடலாம். பழைய பேக் அப்படியே இருக்கும்.

ஆனால், ஆப்பில் பளிச்சென்று முன்னால் நிற்பது 'பேக்கை மாற்று' என்பதுதான். 'சேனல் சேர்' என்பது மெனுவுக்குள்ளே எங்கோ இருக்கும். கொஞ்சம் பொறுமையாகத் தேடுங்கள்.

எச்டிக்கு மாறுகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. ஒரே தொகுப்பில் ஒரு சேனலின் எச்டி, எஸ்டி இரண்டும் இருக்கக் கூடாது என்பது விதி. அதனால் எச்டி தொகுப்பு எடுத்தால் எஸ்டி வடிவம் போய்விடும். வீட்டில் இரண்டாவது டிவிக்குப் பழைய எஸ்டி பாக்ஸ் இருந்தால், அதில் எச்டி சேனல் வராது. ஹாலில் படம் பளபளக்கும், பாட்டி அறையில் திரை கறுப்பாக நிற்கும்! ஒரே வீட்டில் ஒவ்வொரு டிவிக்கும் வேறு வேறு சேனல்களைத் தேர்வு செய்ய விதி அனுமதிக்கிறது. இரண்டாவது பாக்ஸின் பேக்கை மாற்றாமல் தனியாக வைக்கச் சொல்லுங்கள்.

மாற்றும் முன் என்ன செய்ய வேண்டும்?

1. பட்டியலைப் பத்திரப்படுத்துங்கள். இப்போதைய பேக்கின் பெயர், தொகுப்புகள், தனி சேனல்கள், நெட்வொர்க் கட்டணம் எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். மாற்றிய பிறகு இந்த விவரம் ஆப்பில் கிடைக்காமல் போகலாம்.

2. பார்க்கிறவர்களைக் கேளுங்கள். ரீசார்ஜ் செய்வது நீங்கள், பார்ப்பது அவர்கள். ஒரு வாரம் எந்தெந்த சேனல் ஓடுகிறது என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். 250 சேனல் இருக்கும் வீட்டிலும் இந்தப் பட்டியல் சின்னதாகத்தான் இருக்கும்.

3. புதிய பேக்குடன் ஒப்பிடுங்கள். எத்தனை சேனல் என்ற எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். உங்கள் பட்டியலில் இருக்கிற ஒவ்வொன்றும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

4. விடுபட்டவற்றுக்கு விலை போடுங்கள். டிவியில் வரும் நிகழ்ச்சி வழிகாட்டியிலேயே ஒவ்வொரு சேனலின் விலையும் தெரியும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். புதிய பேக்கில் மாதம் 40 ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். விடுபடும் நான்கு சேனல்களின் விலை 19, 12, 6, 3 ரூபாய். மொத்தம் 40. ஜிஎஸ்டி சேர்த்தால் 47.20 ரூபாய். மிச்சம் பிடிக்கப் போய், மாதம் 7.20 ரூபாய் கூடுதலாகக் கட்டுவீர்கள். அதுவே 19 ரூபாய் சேனல் ஒன்று மட்டும்தான் வேண்டும் என்றால், செலவு 22.42 ரூபாய், 17.58 ரூபாய் உண்மையிலேயே மிச்சம். ஒரே பேக், இரண்டு வீட்டுக்கு இரண்டு விடை.

கஸ்டமர் கேரில் இந்த 5 கேள்விகள்

* நான் வைத்திருக்கும் பேக் இப்போதும் புதியவர்களுக்குக் கிடைக்கிறதா?
* மாற்றிய பிறகு பிடிக்கவில்லை என்றால், இதே பேக்குக்குத் திரும்ப முடியுமா? எத்தனை நாளுக்குள்?
* நெட்வொர்க் கட்டணம் மாறுமா?
* ரீசார்ஜ் செய்யாமல் எத்தனை நாள் விட்டால் பழைய பேக் ரத்தாகும்?
* மீதமிருக்கும் பேலன்ஸ் என்ன ஆகும்?

நான்காவது கேள்வி, வீட்டைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் வெளியூர் போகிறவர்களுக்கு முக்கியம். பதிலை வாய்வார்த்தையாக விடாமல், எஸ்எம்எஸ் அல்லது இமெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். "ஓகே சார், பண்ணிடலாம்" என்பது ஆதாரம் ஆகாது.

மாத்தியாச்சு, சேனல் போச்சு... இப்போ?

முதலில், உடனே கஸ்டமர் கேரை அழைத்து, பழைய பேக்கைத் திரும்பத் தரக் கேளுங்கள். நாள் ஆக ஆக வாய்ப்பு குறையும். புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பத் தர முடியாது என்றால், விடுபட்ட சேனல்களைத் தனியாகச் சேருங்கள்.

நீங்கள் கேட்காமலே பேக் மாற்றப்பட்டிருந்தாலோ, சொன்னதற்கு மாறாகப் பணம் பிடிக்கப்பட்டிருந்தாலோ, அடுத்த கட்டம் அந்த நிறுவனத்தின் நோடல் அதிகாரி. அவரது விவரம் நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்க வேண்டும். டிராய் தனிநபர் புகார்களை நேரடியாக விசாரிப்பதில்லை என்பதால், அங்கே எழுதிக் காத்திருக்க வேண்டாம். நோடல் அதிகாரியிடமும் தீர்வு கிடைக்கவில்லை என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. அங்கே உங்கள் ஸ்க்ரீன்ஷாட்டும் எஸ்எம்எஸ்ஸும்தான் பேசும்.

பழசு எப்பவுமே லாபமா?

இல்லை. ஐந்து வருடங்களுக்கு முன் போட்ட பேக்கில், இன்று யாரும் பார்க்காத சேனல்களுக்கும் காசு போய்க்கொண்டிருக்கலாம். படிப்பு முடித்து வெளியூர் போய்விட்ட பிள்ளைகளுக்காகப் போட்ட கார்ட்டூன் தொகுப்பு இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். 2024 திருத்தத்துக்குப் பிறகு டிடிஎச் நிறுவனங்களும் தங்கள் தொகுப்புகளுக்கு 45 சதவீதம் வரை தள்ளுபடி தரலாம்; முன்பு 15 சதவீதம்தான். எனவே, புதிய பேக் நிஜமாகவே மலிவாக இருக்கவும் வாய்ப்புண்டு.

பேக்கை மாற்றுவதா, வேண்டாமா என்பதை ஆப்பில் வரும் பேனர் முடிவு செய்யக் கூடாது. பார்க்கிற சேனல்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஜிஎஸ்டியையும் சேர்த்துக் கணக்கு போட்டுப் பாருங்கள். மிச்சம் வந்தால் மாற்றலாம். இல்லையென்றால் வேண்டிய சேனலை மட்டும் சேர்த்துக்கொண்டு, பழைய பேக்கைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.