சவப்பெட்டியில் ஒரு பேஸ் கிதார்

சிரிக்க வைத்த தோல்விகள் – 7

சென்ற வாரம் பார்த்த ‘ஸ்பைனல் டாப்’ ஆட்கள் வாய் மூடாதவர்கள். அரங்கில் கூட்டம் குறையக் குறைய அவர்களுடைய பெருமைப் பேச்சு ஏறிக்கொண்டே போனது. இந்த வாரக் கோஷ்டி அதற்கு நேர் எதிர். பட்டினி கிடந்தாலும், போலீஸ் பிடித்து உள்ளே தள்ளினாலும், கேட்க வந்தவர்கள் எழுந்து போனாலும் இவர்களுக்கு ஒரே முகம்தான். சிரிப்பும் கிடையாது, புலம்பலும் கிடையாது. பேசியே ஆகவேண்டும் என்றால் ஒரு வரி. பின்லாந்து இயக்குநர் அகி கௌரிஸ்மாகி 1989இல் எடுத்த ‘லெனின்கிராட் கௌபாய்ஸ் கோ அமெரிக்கா’ படத்தின் நாயகர்கள் இவர்கள். உலகத்திலேயே மோசமான ராக் குழு என்று சொல்லியே இவர்களை விற்றார்கள்.

கதை எங்கோ ஒரு பனிப் பாழ்வெளியில் தொடங்குகிறது. ஒரு கொட்டகைக்குள் குழு வாசித்துக் காட்டுகிறது. அக்கார்டியன், டிரம்பெட் எல்லாம் சேர்ந்த, சோகமும் துள்ளலும் கலந்த கிராமத்து இசை. கேட்க வந்த இசைத் தரகர் முழுசாகக் கேட்டுவிட்டு, இது இங்கே விலைபோகாது, அமெரிக்காவுக்குப் போங்கள், அங்கே எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்கள் என்று கைகழுவி விடுகிறார். குழு அதை ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டு மூட்டை கட்டுகிறது.

இவர்களுடைய கோலத்தைச் சொல்லியாக வேண்டும். நெற்றிக்கு மேலே எழும்பி, அடிக்கணக்கில் முன்னால் நீண்டு, நுனியில் கூராக முடியும் தலைமுடி. அதற்குப் போட்டியாகக் கூராக நீளும் காலணி. கறுப்புக் கோட்டு, கறுப்புக் கண்ணாடி. குழுவினர் மட்டுமா? தொட்டிலில் கிடக்கும் கைக்குழந்தைக்கும் அதே முடி. அது அந்த ஊர் வழக்கம். ஊரில் ஒருவனுக்கு மட்டும் அந்த முடி வாய்க்கவில்லை. இகோர் என்ற அந்த அப்பாவிக்குத் தலையில் நாலு மயிர்தான். அதனால் அவனுக்குக் குழுவில் இடமில்லை. ஆனாலும் அவன் விடுவதாயில்லை. குழு போகும் இடமெல்லாம் கண்டம் தாண்டிப் பின்னாலேயே வருகிறான்.

புறப்படும் முன்பே ஒரு சாவு. பேஸ் கிதார்க்காரர் ராத்திரி முழுக்க வெளியில் உட்கார்ந்து பயிற்சி செய்திருக்கிறார். விடிந்து பார்த்தால் கிதாரைப் பிடித்த கையோடு விறைத்துக் கிடக்கிறார். யாரும் அழவில்லை. அவரையும் அமெரிக்காவுக்குக் கூட்டிப் போகிறார்கள், சவப்பெட்டியில். அந்தப் பெட்டியைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும். தலைமுடி ஒரு பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, காலணி நுனிகள் இன்னொரு பக்கம், கிதாரின் கழுத்து மேலே. ஒவ்வொன்றுக்கும் அளவெடுத்து ஓட்டை போட்டிருக்கிறான் தச்சன். முடியை வெட்டியிருக்கலாம், கிதாரை விரலிலிருந்து பிடுங்கியிருக்கலாம். யாருக்கும் அது தோன்றவில்லை. மொத்தப் படத்தின் குணமும் அந்த ஓட்டைகளில் இருக்கிறது. காரியம் அபத்தம், ஆனால் செய்நேர்த்தியில் குறை வைக்கமாட்டார்கள்.

விமானத்தில் புத்தகத்தைப் பிரித்து ஆங்கிலம் படிக்கிறார்கள். நியூயார்க்கில் ஒரு தரகர் முன்னால் வாசிக்கிறார்கள். அவருக்கும் இது ஒத்துவரவில்லை. இங்கே ராக் அண்ட் ரோல்தான் ஓடும், அதைக் கற்றுக்கொள்ளுங்கள், மெக்சிகோவில் என் சொந்தக்காரர் கல்யாணம் இருக்கிறது, அங்கே போய் வாசியுங்கள் என்று நாசூக்காகத் துரத்திவிடுகிறார். ஒரு பழைய காடிலாக் காரை வாங்குகிறார்கள். அதை விற்கும் ஆள் அமெரிக்க இயக்குநர் ஜிம் ஜார்முஷ். காரின் கூரைமேல் சவப்பெட்டி, உள்ளே திணித்துக்கொண்ட குழு. மெம்ஃபிஸ், நியூ ஆர்லியன்ஸ் என்று அமெரிக்க இசை பிறந்து வளர்ந்த ஊர்கள் வழியாகவே தெற்கே போகிறார்கள். சுற்றுலாப் படங்களில் வரும் அமெரிக்கா இதில் இல்லை. பூட்டிய கடைகள், பாழடைந்த தெருக்கள், பகலிலும் இருண்ட மதுக்கூடங்கள், ஆளில்லாத பெட்ரோல் நிலையங்கள். வந்தவர்கள் ஏழைகள், வந்த இடமும் ஏழையாகவே இருக்கிறது.

ஒவ்வொரு ஊரிலும் ஒரு மேடை. கோயில் திருவிழாவில் துண்டுச்சீட்டில் வரும் பாட்டையெல்லாம் பாடிக் கொடுக்கும் மெல்லிசைக் குழு போல, எந்த ஊரில் எதைக் கேட்கிறார்களோ அதை வாசிக்க முயல்கிறார்கள். சில இடத்தில் எடுபடுகிறது, பல இடத்தில் எடுபடவில்லை. வழியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில், எப்போதோ தொலைந்துபோன உறவுக்காரன் ஒருவன் கிடைக்கிறான். பிரிட்டனின் ‘தி மெம்பர்ஸ்’ பங்க் குழுவின் பாடகர் நிக்கி டெஸ்கோதான் அந்த உறவுக்காரன். முரட்டு பைக்காரர்கள் நிறைந்த மதுக்கூடத்தில் அவன் ‘பார்ன் டு பி வைல்ட்’ பாடும்போதுதான் குழுவுக்கு முதன்முதலில் உண்மையான கைத்தட்டல் விழுகிறது.

இத்தனை பேரையும் மேய்ப்பவர் மேனேஜர் விளாடிமிர். மட்டி பெல்லோன்பா அந்தப் பாத்திரத்தில். தொங்கு மீசை, தூக்கம் கலையாத கண்கள், குரலை உயர்த்தாத அதிகாரம். சம்பாத்தியம் அவர் பையில். குழுவுக்குப் பச்சை வெங்காயம், அவருக்கு வயிறார உணவு. விறைத்த நண்பன் கெடாமல் இருக்கச் சவப்பெட்டியில் பனிக்கட்டி நிரப்பியிருக்கிறார்களே, அதில் தன் பீர் டப்பாக்களையும் குளிர வைத்துக்கொள்கிறார். சுரண்டல் பொறுக்காமல் ஒருநாள் குழு கிளம்புகிறது. மௌனப்படக் காலத்தில் வருவதுபோல் திரையில் எழுத்து: புரட்சி. அடுத்து விளாடிமிர் கட்டுண்டு கிடக்கிறார். பின்தொடர்ந்து வந்து சேர்ந்த இகோரின் தயவில் அவர் மறுபடி பதவிக்கு வருகிறார். திரையில் எழுத்து: ஜனநாயகம் திரும்புகிறது. சாப்பாட்டில் மாற்றமில்லை.

இந்த இரண்டு எழுத்துப் பலகைகளுக்கும் பின்லாந்துக்காரர்கள் ஏன் அப்படிச் சிரித்தார்கள் என்று புரிய, வரைபடத்தைப் பார்க்க வேண்டும். ரஷ்யாவோடு ஆயிரத்து முன்னூறு கிலோமீட்டருக்கு மேல் நிலஎல்லை. 1809 முதல் 1917 வரை பின்லாந்து ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. 1939இல் சோவியத் படை உள்ளே புகுந்தது. போருக்குப் பிறகு 1948இல் நட்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. சுதந்திரமும் தேர்தலும் இருந்தன, ஆனால் சோவியத்தைப் பற்றி எழுதும்போது பத்திரிகைகளும் அரசியல்வாதிகளும் வார்த்தையை அளந்து போட்டார்கள். பெரிய அண்டைவீட்டுக்காரரை வாய்விட்டுத் திட்ட முடியாத ஊரில் முகம் மாறாமல் ஜோக் அடிக்கும் கலை நன்றாகத் தேறிவிடும். குழுவின் பெயரிலேயே சோவியத் நகரம் ஒன்றும் அமெரிக்க மாட்டிடையனும் ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இரண்டு வல்லரசுகளையும் இரண்டே வார்த்தையில் கிண்டலடித்துவிட்டு, எதுவும் நடக்காததுபோல் கண்ணாடியை மாட்டிக்கொள்கிறது குழு.

கௌரிஸ்மாகியின் கைவண்ணம் இதற்குத் தோதானது. இந்தப் படத்துக்கு முந்தைய ஆண்டு ‘ஏரியல்’, அடுத்த ஆண்டு ‘தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்’ என்று உழைக்கும் வர்க்கத்தின் துயரக் கதைகளை எடுத்துக்கொண்டிருந்தவர் அவர். அந்தப் படங்களிலும் இதே அசையாத கேமரா, இதே உணர்ச்சி காட்டாத முகம். ஒளிப்பதிவாளரும் அதே டிமோ சால்மினென். சோகக் கதையில் அந்த முகம் நெஞ்சை அடைக்கும், இந்தக் கதையில் வயிறு குலுங்க வைக்கும். ஜோக் முடிந்த பிறகும் காட்சியை வெட்டாமல் ஓரிரு விநாடி விட்டுவைப்பார். சிரிக்கலாமா கூடாதா என்று நாம் தயங்கும் அந்த விநாடியில்தான் சிரிப்பு பீறிடும். அவர் தன் பாத்திரங்களைக் கேலிப்பொருளாக்குவதில்லை. பாட்டு சரியில்லை, முடி சரியில்லை, மேனேஜர் சரியில்லை. ஆனால் அந்த மனிதர்களிடம் அவர் ஒரு குறையும் காண்பதில்லை.

குழுவும் முழுக்கக் கற்பனை அல்ல. 1975இல் பின்லாந்தின் லாஹ்தி நகரில் தொடங்கிய ‘ஸ்லீப்பி ஸ்லீப்பர்ஸ்’ என்ற குறும்புக்கார ராக் குழுவின் சாக்கே யார்வென்பா, மாட்டோ வால்டோனென் இருவரும் கௌரிஸ்மாகியோடு சேர்ந்து உருவாக்கிய வேஷம் இது. 1986இல் ‘ராக்கி 6’ என்ற குறும்படத்தில் ஒத்திகை பார்த்தார்கள். ஹாலிவுட்டின் ‘ராக்கி 4’ படத்தில் ரஷ்யக் குத்துச்சண்டை வீரர் அமெரிக்கரிடம் தோற்பார் அல்லவா? இதில் சைபீரியாவிலிருந்து வரும் மாமிச மலை, நோஞ்சான் ராக்கியை அடித்து நொறுக்கிவிடும்.

வேஷம் கட்டியவர்களை வேஷம் விடவில்லை. படம் வந்ததும் மக்கள் நிஜக் கச்சேரி கேட்டார்கள். கற்பனைக் குழு ஊர் ஊராகப் போய் வாசிக்க ஆரம்பித்தது. இதற்குள் உலகம் தலைகீழாகிவிட்டது. படம் வந்த ஆண்டு நவம்பரிலேயே பெர்லின் சுவர் திறந்தது. 1991இல் லெனின்கிராட் மறுபடி செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆனது, ஆண்டு முடிவில் சோவியத் ஒன்றியமே இல்லை. கௌபாய்கள் பெயரில் தாங்கி நின்ற ஊர் பெயர்ப்பலகையிலிருந்து போய்விட்டது.

1993 ஜூன் 12. ஹெல்சிங்கியின் செனட் சதுக்கத்தில் எழுபதாயிரம் பேர். மேடையில் கூம்பு முடிக்காரர்கள். அவர்களோடு, முழு ராணுவச் சீருடையில், 1928இல் தொடங்கிய செம்படையின் புகழ்பெற்ற அலெக்சாந்த்ரோவ் பாடகர் குழு, பலலைக்கா வாத்தியக்காரர்கள், நடனக்காரர்களுடன். முதலில் பாடியது ‘பின்லாந்தியா’. ரஷ்யப் பேரரசின் தணிக்கையை எதிர்த்து 1899இல் நடந்த பத்திரிகை விழாக்களுக்காக சிபேலியஸ் அமைத்த இசை அது. அதை ரஷ்ய ராணுவக் குரல்கள் பாடுகின்றன, அதுவும் ஜார் இரண்டாம் அலெக்சாண்டரின் சிலை நிற்கும் சதுக்கத்தில். பிறகு ‘வோல்கா படகோட்டிகள்’, அதற்கடுத்து ‘ஹேப்பி டுகெதர்’ என்ற அமெரிக்கக் காதல் பாட்டு. மார்பில் பதக்கம் தொங்கும் கனத்த குரல்காரர்கள் விறைப்பாக நின்று அந்தக் காதலை உருகிப் பாடுகிறார்கள். அவர்களும் சிரிக்கவில்லை. கௌரிஸ்மாகி படத்துக்கென்றே பிறந்தவர்கள்!

இந்தக் கச்சேரியை ‘டோட்டல் பலலைக்கா ஷோ’ என்ற பெயரில் கௌரிஸ்மாகி படமாக்கினார். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நாலு வருடம் முந்தைய கற்பனைப் படத்தைவிட இந்த நிஜப் படம்தான் நம்பமுடியாததாக இருக்கிறது. 1994 செப்டம்பரில் கௌபாய்களும் செம்படைப் பாடகர்களும் எம்டிவி விருது விழாவில் நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மியூசிக் ஹால் மேடையேறினார்கள். கதையில் குழுவைக் கழற்றிவிட்ட அதே ஊர்.

எல்லாமே வெற்றி என்று சொல்லிவிட முடியாது. 1994இல் வந்த இரண்டாம் பாகம், ‘லெனின்கிராட் கௌபாய்ஸ் மீட் மோசஸ்’, சறுக்கியது. அதில் விளாடிமிர் தன்னை மோசஸ் என்று அறிவித்துக்கொண்டு, சுதந்திர தேவி சிலையின் மூக்கைத் திருடிக்கொண்டு, குழுவை ஊருக்கு நடத்திப் போகிறார். கருத்து சொல்ல ஆசை வந்ததும் முகத்தின் உறுதி தளர்ந்துவிட்டது. முதல் படத்திலும் தொய்வான இடங்கள் உண்டு. மதுக்கூடக் காட்சிகள் ஒன்றுபோலவே வருகின்றன. 1995இல் தன் 44ஆம் வயதில் பெல்லோன்பா காலமானார். அந்த மீசை இல்லாமல் இந்தக் கதையைத் தொடர்வதில் அர்த்தமும் இல்லை.

முதல் படத்தின் முடிவைச் சொல்லாமல் விட்டேன். மெக்சிகோ கல்யாணத்தில் பெட்டி திறக்கிறது, டெக்கீலா உள்ளே போகிறது, விறைத்த கிதார்க்காரர் எழுந்து வாசிக்கிறார். விளாடிமிர் கள்ளிக் காட்டுக்குள் நடந்து போய்விடுகிறார். மெக்சிகோவின் முதல் பத்துப் பாடல்களில் குழு இடம்பிடித்தது என்று எழுத்துப் பலகை சொல்கிறது. குழு திறமையை வளர்த்துக்கொண்டதாக ஒரு காட்சிகூட இல்லை. கேட்கிற காது கிடைக்கும்வரை வாசித்தார்கள், அவ்வளவுதான். நிஜத்திலும் அப்படித்தான் நடந்தது. குழு அப்படியே இருந்தது, வரலாறுதான் நகர்ந்து வந்து இவர்களுக்கு மேடை போட்டுக் கொடுத்தது. அந்த மேடையும் நிலைக்கவில்லை. 2023 ஏப்ரலில் பின்லாந்து நேட்டோவில் சேர்ந்தது, அந்த ஆண்டு இறுதிக்குள் ரஷ்ய எல்லைச் சாவடிகளை மூடியது. இன்று செனட் சதுக்கத்தில் ரஷ்ய ராணுவக் குழுவைப் பாட வைக்கும் யோசனையைச் சொன்னால் பின்லாந்தில் யாரும் சிரிக்கமாட்டார்கள். ஒரு நல்ல ஜோக்குக்கும் காலம் கூடிவர வேண்டும். கூடிவந்த அந்தச் சில ஆண்டுகளை வீணாக்காமல் வாசித்துத் தீர்த்தார்கள் என்பதே இந்த மோசமான குழுவின் சாதனை.

அடுத்த வாரம்: பள்ளி விழாவுக்குச் சில நாட்களே இருக்கின்றன, குழுவில் பாடகி இல்லை. ஜப்பானிய மாணவிகள் கொரியாவிலிருந்து வந்த பெண்ணைப் பிடித்து மேடையேற்றும் ‘லிண்டா லிண்டா லிண்டா’.