கால் மைல் கணக்கு

பச்சை விளக்கு எரிகிறது. இரண்டு கார்கள் சீறிக்கொண்டு பாய்கின்றன. 402 மீட்டர் தூரம், ஏறத்தாழ பத்து விநாடி. அமெரிக்காவின் டிராக் ரேஸ் தடங்களில் பார்வையாளர் காண்பது டயர் புகையைத்தான். ஆனால் பந்தயத்தின் பெரும்பகுதி காரின் அடியில் எண்ணெய் நிரம்பிய ஓர் இரும்பு உருளைக்குள் நடந்து முடிகிறது. அதுதான் டார்க் கன்வர்ட்டர்.

ஆட்டோமேட்டிக் காரில் கிளட்ச் மிதி கிடையாது. இரண்டு மேஜை விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓட விட்டால், அந்தக் காற்றில் மற்றதும் சுழலும். கன்வர்ட்டரில் காற்றுக்குப் பதில் எண்ணெய். ஒரு விசிறியை இன்ஜின் சுழற்றுகிறது. இன்னொன்று கியர்பெட்டியைச் சுழற்றுகிறது. நடுவில் ஸ்டேட்டர் என்ற சக்கரம், திரும்பி வரும் எண்ணெயைச் சரியான திசையில் திருப்பிவிடுகிறது. அதனால் புறப்படும் கணத்தில் முறுக்கு விசை சுமார் இரண்டு மடங்காகிறது. ஜெர்மானியரான ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-ல் இதற்குக் காப்புரிமை பெற்றபோது அவர் மனதில் இருந்தது கார் அல்ல, கப்பல்!

சக்கரங்களை நகரவிடாமல் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் இன்ஜின் எத்தனை சுற்று வரை ஏறுகிறதோ, அது ஸ்டால் வேகம். வீட்டுக் காரில் நிமிடத்துக்கு 2,000 சுற்றுகளை ஒட்டி இருக்கும். ரேஸ் காரில் 5,000-ஐயும் தாண்டும். ரேஸ் இன்ஜினுக்கு 2,000 சுற்றில் உயிரே இல்லை. வலு பிறப்பது மேலே. எனவே கார் நிற்கும்போதே இன்ஜின் அந்த உயரத்தில் இருந்தாக வேண்டும். சாதாரண பிரேக் இதைத் தாங்காது. முதல் கியரையும் ரிவர்ஸையும் ஒரே நேரத்தில் பூட்டிவிடும் டிரான்ஸ்பிரேக்தான் காரைப் பிடித்து வைக்கிறது.

அப்படியானால் ஸ்டால் வேகத்தை ஏற்றிக்கொண்டே போகலாமா? போகலாம், பணம் புகையாகும். கன்வர்ட்டர் அளவுக்கு மீறி வழுக்கினால் வலுவெல்லாம் எண்ணெயைச் சூடாக்கவே செலவாகும். முடிவுக் கோட்டில் வழுக்கல் பத்து சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பது பொதுவான கணக்கு. இன்னொரு சிக்கல்: ஒரே கன்வர்ட்டர், வலுவான இன்ஜினுக்குப் பின்னால் அதிக ஸ்டால் காட்டும். ஆகவே அட்டைப்பெட்டி மேல் அச்சிட்ட எண்ணை நம்பி வாங்குகிறவர் ஏமாறுவார். காரின் எடை, டயர் உயரம், பின் அச்சின் விகிதம், கேம் ஷாஃப்ட் விவரம் என்று தயாரிப்பாளர் கேட்கும் கேள்விகளைப் பார்த்தால், கல்யாணத் தரகர் தேவலை.

கியர் மாற்றும் தருணமும் இதோடு பின்னியது. அதிகபட்ச முறுக்கு விசை 5,000 சுற்றிலும் அதிகபட்ச குதிரைத்திறன் 6,500-லும் கிடைக்கும் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். 6,500-லேயே கியர் மாற்றுவது பலர் செய்யும் பிழை. டர்போ 400 கியர்பெட்டியின் முதல் இரு விகிதங்கள் 2.48, 1.48. அந்தக் கணக்குப்படி இன்ஜின் 3,880-க்குச் சரியும். 7,000 வரை போய் மாற்றினால் 4,180. அதுவும் போதாதுதான். ஆனால் 5,000 ஸ்டால் உள்ள கன்வர்ட்டர் சற்றே வழுக்கி, இன்ஜினை அவ்வளவு கீழே விழவிடாது. இரண்டையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது இதனால்தான்.

ஜெனரல் மோட்டார்ஸ் 1973-ல் கைவிட்ட இரண்டு கியர் பவர்கிளைடுக்கு இன்றும் மவுசு இருப்பதும் இதன் தயவில். கியர் மாற்றம் ஒரே ஒரு முறை. தவறவும் வாய்ப்பு ஒன்றுதான். பிராக்கெட் பந்தயத்தில் ஓட்டுநர் தன் நேரத்தை முன்கூட்டியே அறிவிக்கிறார். 10.50 என்று சொல்லிவிட்டு 10.49-ல் ஓடினால், எதிராளியும் அதே தவறைச் செய்யாதவரை தோல்வி. வேகத்தைவிட ஒழுங்குக்கே அங்கே மதிப்பு. வெயில் ஏறிக் காற்று லேசானால் இன்ஜின் வலு குறையும். ஸ்டால் வேகமும் இறங்கும். அறிவித்த நேரத்தைத் திருத்த வேண்டியதுதான்.

விளையாட்டில் விபரீதமும் உண்டு. 1970 மார்ச் 8-ல் கலிபோர்னியாவின் லயன்ஸ் தடத்தில் டான் கார்லிட்ஸின் கியர்பெட்டி வெடித்து, வலது பாதத்தின் ஒரு பகுதியைக் கொண்டுபோனது. அடுத்த ஆண்டே இன்ஜினை முதுகுக்குப் பின்னால் வைத்த காருடன் திரும்பி, பொமோனாவில் வென்றார்.

சாதாரண கன்வர்ட்டரைப் பற்றவைத்து மூடியிருப்பார்கள். ஸ்டால் பொருந்தவில்லை என்றால் அறுத்துத் திறந்து, உள்ளே மாற்றி, மீண்டும் பற்றவைக்க வேண்டும். போல்ட் போட்டு மூடும் ரகமும் கிடைக்கிறது. தடத்தின் ஓரத்திலேயே கழற்றி ஸ்டேட்டரை மாற்றிவிடலாம். விலைதான் மலைக்க வைக்கும்.